இல்லாத ரப்பருக்கு வழிவிட்ட கைகள்

கழுத்தில் புது விசில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தற்பெருமை கொஞ்சம் அதிகம். திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பரீட்சை நெருங்கினால் நம் பீரியடைக் கணக்கு டீச்சர் கேட்காமலே எடுத்துக்கொள்வார். ஆண்டு விழாவுக்கு நாற்காலி போடுவதிலிருந்து ஊர்வலத்தில் பிள்ளைகளை வரிசை கட்டுவது வரை எல்லாம் நம் தலையில்தான் விழும். கோப்பை வாங்கி வந்தால் மட்டும் போட்டோவின் முன்வரிசையில் வேறு யாராவது சிரித்துக்கொண்டு நிற்பார்கள். நம்மைப் பற்றி நாமே பெருமையாகப் பேசிக்கொள்ளாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்? அதனால் கூச்சப்படாமல் பேசப்போகிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களில் ஒரு தம்பி எனக்கு ஒரு வீடியோவை அனுப்பி, ரப்பர் பட்டை கட்டிக் குதிக்க வைத்தால் பிள்ளைகள் இன்னும் உயரமாகக் குதிப்பார்களா என்று கேட்டிருந்தார். குதிப்பார்கள் தம்பி. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பட்டை காலுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுக்கும்போதே கைக்கு வேறொன்றைக் கற்றுக்கொடுத்துவிடும். அதைப் புரிய வைக்க எஸ்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எஸ்தர் பெருமுக்கல் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்த பெண். அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். வாலிபாலில் வலைக்கு முன்னால் நின்று அடிக்கிற ஆட்டக்காரி. அவள் அடித்த பந்தை எடுக்கப் பயந்து எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் ஒதுங்குவதை நான் பலமுறை பார்த்துச் சிரித்திருக்கிறேன். குறை ஒன்றே ஒன்றுதான், உயரம் போதாது. குள்ளமான பெண் வலைக்கு மேலே போய் அடிக்க வேண்டுமென்றால் மற்றவர்களைவிட அதிகமாகக் குதித்தாக வேண்டும்.

அந்த வருஷம் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வு விழுப்புரத்தில் நடப்பதாக இருந்தது. விடுதியில் இடம் கிடைத்தால் சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே. வயது வரம்பின்படி எஸ்தருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அந்த இடம் கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் ஊரில் பள்ளியை முடித்த பெண்கள் விடியற்காலையில் கம்பெனி வேனில் ஏறிப் போகிறார்கள். இருட்டிய பிறகு திரும்பி வருகிறார்கள். அப்படிப் போனவர்களில் என்னிடம் விளையாடிய நல்ல ஆட்டக்காரிகளும் உண்டு. அவர்களை வழியில் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். எஸ்தரையும் அந்த வேனில் ஏற்ற எனக்கு மனசில்லை.

தேர்வில் முதலில் நின்ற இடத்திலிருந்து மேலே குதித்துக் காட்ட வேண்டும். அதற்கென்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அதைத் தாண்டியவர்களுக்கு மட்டுமே மதியம் ஆட்டத் தேர்வு. ஆட விட்டால் எஸ்தர் ஜெயித்துவிடுவாள். ஆட விடுவதற்கு முன் குதிக்கச் சொல்வார்களே, அங்கேதான் இடித்தது. அவள் வரம்புக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுகொண்டிருந்தாள்.

பக்கத்துப் பள்ளியின் பி.டி. மாஸ்டர் குமரன் சார் அப்போது வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எதையும் உடனே செய்து பார்த்துவிட வேண்டும் அவருக்கு. ரப்பர் பட்டை யோசனை அவருடையதுதான், அதில் நான் பங்கு கேட்க மாட்டேன். எங்கள் பள்ளியின் தண்ணீர் டேங்க் உயரமான தூண்கள் மேல் நிற்கும். தூண்களுக்கு நடுவே குறுக்கே போகும் கான்கிரீட் உத்திரத்திலிருந்து இரண்டு பட்டைகளைத் தொங்கவிட்டு, அவற்றை எஸ்தரின் இடுப்பு பெல்ட்டில் இரண்டு பக்கமும் மாட்டுவது என்று திட்டம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செருப்பு தைப்பவர் பழைய கார் சீட் பெல்ட்டை வெட்டி அழகாக ஓர் இடுப்பு பெல்ட் தைத்துக் கொடுத்தார்.

முதலில் சைக்கிள் ட்யூபை முடிச்சுப் போட்டுக் கட்டினோம். எஸ்தரை மாட்டுவதற்கு முன் குமரன் சாரே இழுத்துப் பார்த்தார். முடிச்சு பிய்த்துக்கொண்டு வந்து அவர் கன்னத்தில் பளாரென்று அறைந்தது.

"இன்னா சார், எந்தப் பொண்ணு கிட்ட அடி வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

"போங்க மேடம், நானே பேஜார்ல இருக்கேன்," என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு உடற்பயிற்சிக்கென்றே விற்கும் தடித்த பட்டைகளை வாங்கினோம். இதை நான் சிரிக்கச் சொல்லவில்லை. எந்தக் கயிற்றையும் பட்டையையும் பிள்ளை உடம்பில் மாட்டுவதற்கு முன் உங்கள் உடம்பில் மாட்டிப் பாருங்கள். அன்று அந்த அடி எஸ்தரின் கண்ணில் பட்டிருந்தால் நான் இன்று உங்களிடம் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

பட்டை செய்வது இவ்வளவுதான். கீழே நிற்கும்போது மேலிருந்து இழுக்கிறது, அதனால் உடம்பு லேசாகிவிடுகிறது. சுமை குறைந்த கால் தரையை விட்டுச் சட்டென்று கிளம்புகிறது. அந்த வேகத்தைக் கால் பழகிக்கொண்டால், பட்டையைக் கழற்றிய பிறகும் அதில் கொஞ்சம் மிஞ்சும். அந்தக் கொஞ்சம்தான் நமக்கு வேண்டியது. எவ்வளவு இறுக்கிக் கட்டுவது என்பதில்தான் சூட்சுமம். நான் கண்ணைவிடக் காதை நம்புகிறவள். திரும்பி நின்றுகொண்டு, அவள் கால் தரையில் விழும் சத்தத்தைக் கேட்பேன். சத்தமே வரவில்லை என்றால் பட்டை அவளைத் தூக்கிக்கொண்டு போகிறது, காலுக்கு வேலையில்லை என்று அர்த்தம். "தளர்த்துங்க சார்" என்பேன். குமரன் சார் முதலில் நம்பவில்லை, பிறகு அவரும் திரும்பி நின்று கேட்க ஆரம்பித்தார்.

ஒருநாள் தலைமை ஆசிரியை நான்கைந்து டீச்சர்களோடு வேடிக்கை பார்க்க வந்தார். பட்டையோடு எஸ்தர் ஒரு குதி குதித்துத் தூணில் சாக்பீஸ் தூள் தடவிய விரலைப் பதித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் எஸ்தர் பெயரை எழுதி வைக்கலாம் என்றார் தலைமை ஆசிரியை. நான் போய் முந்தானையால் அதை அழித்துவிட்டேன். எஸ்தருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"ஏன் மிஸ் அழிச்சிட்டீங்க? நான்தானே குதிச்சேன்?"

"பாதி நீ குதிச்ச, மீதி ரப்பர் குதிச்சிது. ரப்பருக்கு யாரும் ஹாஸ்டல்ல சீட் குடுக்க மாட்டாங்க. கழட்டிட்டு குதி, பாக்கலாம்."

கழற்றிவிட்டுக் குதித்தாள். "யாரோ இடுப்பப் புடிச்சி கீழ இழுத்துக்கினு இருக்கிற மாதிரி இருக்குது மிஸ்," என்றாள். அப்படித்தான் இருக்கும். லேசாக இருந்து பழகிய உடம்புக்குத் தன் எடையே பாரமாகத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு முறை பட்டையோடு குதித்த பிறகும் வெறும் உடம்போடு குதிக்க வைத்தேன். தூணில் குறிக்கப்பட்டது வெறும் உடம்போடு குதித்த உயரம் மட்டுமே. பயிற்சி முடிந்ததும் பந்தைக் கொடுத்துவிடுவேன், இருட்டும் வரை அடிப்பாள். வாரங்கள் போகப் போகத் தூணில் அவள் விரல் தடம் மெல்ல ஏறியது. வரம்பைத் தொட்டது. பிறகு தாண்டியும் விட்டது. குமரன் சாருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான், நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

தேர்வுக்கு முந்தைய வாரம் நாங்கள் இருவரும் பேசி ஒரு முடிவு எடுத்தோம். பந்தைத் தொட வேண்டாம். விரல் பிசகிக்கொண்டால் எல்லாம் போய்விடும். குதித்தால் மட்டும் போதும். யாரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள்.

தேர்வு நாளில் எஸ்தரோடு அவள் அம்மா மேரியும் வந்திருந்தார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம்; மல்லாட்டை பிடுங்கும் சமயம், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். வேலிக்கு உள்ளே பயிற்சியாளர்களுக்கு மட்டும்தான் அனுமதி. மேரி வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். குதித்துத் தொட வேண்டிய பலகை அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. மகள் மேலே எழும்புவது தெரியும், எங்கே தொட்டாள் என்பது தெரியாது.

கோடு போட்ட கறுப்புப் பலகை அது. நின்றபடி கையை நீட்டி ஒரு தடம், குதித்து ஒரு தடம், இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் கணக்கு. மூன்று வாய்ப்பு. பலகைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஓர் அதிகாரி ஈரத்துணியோடு நின்றார். ஒவ்வொருவர் தடத்தையும் படித்துவிட்டு உடனே துடைத்துவிடுவார். முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது.

எஸ்தர் முதல் முறை குதித்தாள். வரம்புக்கு நன்றாகக் கீழே. பதற்றம், பரவாயில்லை என்று நினைத்தேன். எல்லாப் பிள்ளைகளும் ஒரு சுற்று முடித்து மறுபடி அவள் முறை வந்தது. இரண்டாவது முறை முதல் முறையைவிடக் கீழே போயிற்று. பள்ளித் தூணில் தாண்டிய உயரம் எங்கே போனது? கால் களைத்துவிட்டதா? சாப்பிடவில்லையா? காலில் ஒன்றும் குறை தெரியவில்லை, கிளம்பிய வேகம் அப்படியே இருந்தது.

எஸ்தர் என் பக்கம் வந்தாள். கண் கலங்கியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேரி குரல் கொடுத்தார். "டீச்சர், இன்னா ஆச்சு டீச்சர்? புள்ள மூஞ்சே செரியில்லியே!"

"ஒண்ணும் இல்ல மேரி, இன்னும் ஒரு தபா இருக்குது," என்றேன்.

குமரன் சார் அதற்குள் பையிலிருந்து பட்டைகளை எடுத்துவிட்டார். மைதான ஓரத்தில் தொங்கிப் பழகும் இரும்புக் கம்பி ஒன்று இருந்தது. "மேடம், ஜல்தி. அந்தக் கம்பில மாட்டி நாலு குதி குதிக்கட்டும். ஒடம்பு லேசாயிடும். அந்தச் சூட்டோட போய்க் குதிச்சா ஏறிடும் மேடம்!"

அவர் சொன்னது தப்பு இல்லை. பட்டையோடு சில குதி குதித்துவிட்டு உடனே வெறும் உடம்போடு குதித்தால் சிலருக்கு உயரம் கூடும். எங்கள் டேங்க் அடியிலேயே அதைப் பார்த்திருக்கிறோம். நானும் எழுந்துவிட்டேன். பட்டையின் ஒரு முனையைக் கையில் வாங்கியும் விட்டேன். அதைக் கையில் பிடித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு பட்டைகளும் இடுப்புக்கு இரண்டு பக்கத்திலும் மேலிருந்து கீழாக இறங்கும். நடுவில் நிற்கிற பிள்ளை கையைப் பின்னால் விசிறி முன்னால் கொண்டுவந்தால் பட்டையில் மோதும். மோதாமல் இருக்கக் கையை உடம்போடு ஒட்டி, நேராக மேலே நீட்டக் கற்றுக்கொள்வாள். யாரும் சொல்லித் தர வேண்டாம், உடம்பே கற்றுக்கொள்ளும். முன்பெல்லாம் பயிற்சி முடிந்ததும் பந்து அடித்தாள். பந்து அடிக்கக் கையை வீசித்தானே ஆக வேண்டும்? அதில் கை மறுபடி சரியாகிவிடும். கடைசி வாரம் நாங்கள்தான் பந்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டோம். இப்போது விழுப்புரத்தில், பட்டையே இல்லாத இடத்தில், எஸ்தர் இல்லாத பட்டைக்கு வழிவிட்டுக் குதித்துக்கொண்டிருந்தாள். கால் எல்லாம் கொடுத்தது. விசிறி உடம்பை மேலே தூக்க வேண்டிய கை ஒன்றும் கொடுக்கவில்லை.

"பட்டைய உள்ள வைங்க சார். பந்த எடுங்க," என்றேன்.

"மேடம், வெளையாடறீங்களா? அடுத்து அவ முறை வந்துரும்!"

"வர்றதுக்குள்ள எடுங்க சார்."

அந்த நேரத்தில் அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார். ஆனாலும் எடுத்தார். அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும். சுற்றி நின்ற மற்றப் பயிற்சியாளர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். முட்டியை மடக்கு, மூச்சை இழு, சாமியைக் கும்பிடு. நான் எஸ்தர் கையைப் பிடித்துக்கொண்டு பார்வையாளர் படிக்கட்டுக்குப் பின்னால், வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்துக்கு இழுத்துப் போனேன்.

"மிஸ், நான் இன்னா தப்பு பண்றேன்? சொல்லுங்க மிஸ்," என்றாள்.

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். காரணம் என் நாக்கு நுனியில் நின்றது. கையை வீசு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று தோன்றும். சொன்னால் என்ன ஆகும்? பலகைக்குக் கீழே போய் நின்று அவள் கையைப் பற்றி யோசிப்பாள். யோசித்துக்கொண்டே குதிக்கிறவளுக்குக் கை ஒரு நேரத்தில் போகும், கால் ஒரு நேரத்தில் போகும். எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவளிடம் கொட்டுவதற்கு அது நேரமில்லை.

"நீ ஒரு தப்பும் பண்ணல. சார் பந்து தூக்கிப் போடுவாரு, அடி," என்றேன்.

குமரன் சார் பந்தை மேலே எறிந்தார். முதல் பந்து அவள் விரல் நுனியில் பட்டு வழிந்தது. கை ஒட்டிக்கொண்டே இருந்தது. இரண்டாவதும் சொதப்பல். அடுத்ததற்குக் கை கொஞ்சம் பிரிந்தது. அதற்கு அடுத்த பந்தில் இரண்டு கையும் பின்னால் போய், விசிறிக்கொண்டு முன்னால் வந்து அவளை மேலே தூக்கின. விழுந்த அடியில் பந்து ஒரு வேனின் கதவில் போய் டமாரென்று மோதியது.

காவலாளி ஓடி வந்தார். "யாரும்மா அது? வண்டிங்க நிக்கிறது கண்ணு தெரியல?"

எஸ்தர் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். காவலாளியிடம் திட்டு வாங்கும் வேலையைக் குமரன் சாருக்கு விட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு ஓடி வந்தேன். பலகை அருகில் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே போகும் முன் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்கும் பார்வை.

"அந்தப் பலகைக்கு மேல பந்து வருது. போய் அடிச்சிட்டு வா," என்றேன்.

சாக்பீஸ் தூளைத் தொட்டுக்கொண்டு பலகைக்கு அடியில் நின்றாள். மற்றப் பிள்ளைகள் பலகையின் கோடுகளைப் பார்த்துக்கொண்டு குதித்தார்கள். இவள் அதற்கு மேலே, ஒன்றுமே இல்லாத ஆகாயத்தைப் பார்த்தாள். முட்டி மடங்கியது. கை இரண்டும் பின்னால் போயின. நான் அதைப் பார்த்ததுமே கண்ணை மூடிக்கொண்டேன். மேலே போனது எனக்குத் தெரியாது. இறங்கிய சத்தம் வர எவ்வளவு நேரமாயிற்று என்பதுதான் தெரியும். நல்ல நேரம் எடுத்துக்கொண்டு வந்தது அந்தச் சத்தம்.

அதிகாரி ஸ்டூல் மேல் ஏறினார். படித்தார். முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மறுபடி படித்தார். எழுதுகிறவரிடம் ஓர் எண்ணைச் சொன்னார். வரம்பைத் தாண்டியிருந்தாள், பள்ளித் தூணில் தொட்டதையும் தாண்டியிருந்தாள்.

மதியம் ஆட்டத் தேர்வைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. விடுதியில் இடம் கிடைத்தது, இப்போது அங்கே இருந்து ஆடிக்கொண்டிருக்கிறாள். பட்டைகளை நான் தூக்கி எறியவில்லை. அந்தக் கால் வேகம் பட்டை கொடுத்ததுதான், அதை இல்லை என்று சொன்னால் நன்றி கெட்டவள் ஆவேன். கட்டுங்கள், தாராளமாகக் கட்டுங்கள். கழற்றிய பிறகு பிள்ளையை அவள் ஆட்டத்துக்குள் திருப்பி விடுங்கள். நெருக்கடியில் நமக்குத் தெரிந்த புது வித்தையைத்தான் கை முதலில் தேடும். பிள்ளைக்கு எது ஏற்கெனவே நன்றாக வரும் என்று அப்போது ஒரு நிமிஷம் யோசியுங்கள். எனக்கு அது அந்த நேரத்தில் தோன்றியது. தோன்றியதற்காக இன்று வரை பெருமைப்படுகிறேன், அதை மறைக்கப்போவதில்லை.

அவள் குதித்து முடித்ததும் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

அதிகாரி ஈரத்துணியைப் பலகையில் வைக்கப்போன சமயம், "ஐயா, தொடைக்காதீங்க! தொடைக்காதீங்க!" என்று ஒரு கத்தல். மேரி. காவலாளி வேன் பக்கம் போயிருந்ததால் வாசலில் ஆளில்லை, உள்ளே ஓடி வந்துவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு பலகைக்கு முன்னால் வந்து நின்றார்.

"எங்க ஐயா? எம்பொண்ணு தொட்டது எங்க?"

அதிகாரி என்னைப் பார்த்தார். வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் விரலை நீட்டிக் காட்டினார். உச்சியில் வெள்ளையாக மூன்று விரல் தடம்.

மேரி பலகையை ஒட்டி நின்று தன் கையை மேலே நீட்டினார். மண் ஏறிக் கறுத்த நகங்கள். குதிகாலைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். அவர் விரலுக்கும் மகளின் தடத்துக்கும் நடுவில் எவ்வளவோ இடம் இருந்தது. கையை இறக்காமலே திரும்பி எஸ்தரைப் பார்த்தார்.

"அம்மாடி, இம்மாம் ஒசரம் போனியாடி?"

எஸ்தர் சாக்பீஸ் ஒட்டிய விரல்களை அம்மாவிடம் விரித்துக் காட்டினாள்.

வரிசையில் அடுத்த பெண் காத்துக்கொண்டிருந்தாள். அதிகாரி அவளைக் கூப்பிடவில்லை. துணியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மேரி பார்த்து முடிக்கும் வரை அப்படியே நின்றார்.